கத்துகிற அலமாரி

ஊரில் எவர் வீட்டுப் பூட்டு மக்கர் செய்தாலும் சாவிக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சாவிக்காரர் உயிரை விடப் பார்த்து, பிழைத்து, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு திரும்பிய அன்று, அவர் வீட்டில் வாசல் கதவைத் தவிர எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை.

மொத்தம் ஏழு தாழ்ப்பாள். படுக்கையறைகளுக்கு இரண்டு, சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, பின்கதவுக்கு மூன்று. பின்கதவுக்கு எதற்கு மூன்று என்றால், தொழில் அப்படி. எல்லாவற்றையும் முந்தின நாளே கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளியாகிவிட்டது. கழற்றியவள் மகள். கழற்றப் பயன்பட்டது சாவிக்காரரின் சொந்த ஸ்க்ரூடிரைவர். உத்தரவு போட்டது வார்டன்.

வார்டன் என்பது சாவிக்காரரின் அக்கா. பெண்கள் விடுதியில் இருபத்திரண்டு வருஷம் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். விடுதிதான் அவரை விட்டதே தவிர, அவர் விடுதியை விடவில்லை. தம்பிக்கு இப்படி ஆனதும் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். வந்த அரை மணி நேரத்தில் வீடு விடுதி ஆனது. யார் எப்போது குளிக்க வேண்டும், யார் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை சாவிக்காரரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். அட்டவணையில் "சாவிக்காரரிடம் பேசுவது" என்று மட்டும் எங்கேயும் இல்லை.

குளியலறைக் கதவு லேசாகக் காற்றடித்தாலே வாயைப் பிளந்துகொள்ளும். அதனால் உள்ளே போகிறவர் தண்ணீர் நிறைந்த வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, ஆள் இருப்பதற்கு அடையாளமாகப் பாட வேண்டும் என்பது சட்டம். வார்டனுக்கு உலகத்தில் இரண்டு வரிப் பாட்டுதான் தெரியும். அந்த இரண்டு வரியையே இருபது நிமிஷம் பாடுவார். மகள் உள்ளேயிருந்து விளையாட்டு வர்ணனை செய்வாள். "இதோ சோப்பு கைமாறுகிறது, ரசிகர்களே!" சாவிக்காரரின் மனைவி இருமுவாள். சாவிக்காரர் மட்டும் பாடவும் இல்லை, இருமவும் இல்லை. ஆகவே அவர் உள்ளே போனால் வார்டன் வெளியே நின்று அரை நிமிஷத்துக்கு ஒருதரம் கூப்பிடுவார்.

"தம்பி?"

"ம்."

"தம்பி?"

"ம்."

"தம்பி?"

"அக்கா, மனுஷன் நிம்மதியா ஒண்ணுக்காவது போகணுமில்ல."

வீடு வந்த முதல் நாள் அவர் செய்தது ஒரே காரியம். கதவு கதவாகப் போய், தாழ்ப்பாள் இருந்த இடத்து ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார், "ஸ்க்ரூவையெல்லாம் தனித்தனியா வச்சீங்களா? அதுல ரெண்டு சைஸ் இருக்கு."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்போது அவர் எதைக் கேட்டாலும் பதில் சிரிப்புதான். "டீ ஆறிப்போச்சு" என்றால் சிரிப்பு. "என் செருப்பு எங்கே?" என்றால் சிரிப்பு. பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரி எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

இதில் பார்க்கச் சகிக்காத சிரிப்பு அவர் மனைவியுடையது. ஏனென்றால் அவள் சிரித்துப் பழகியவளே இல்லை. திட்டிப் பழகியவள்.

அவளைத் தெருவே காஜாக்கா என்றுதான் கூப்பிடும். சட்டை தைக்கும் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகக் காஜா மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். சட்டை ஒன்றுக்கு ஏழு பித்தான், பித்தானுக்கு ஒரு ஓட்டை. நாளொன்றுக்கு முந்நூறு சட்டை. உலகத்தில் எத்தனையோ பேர் மானத்தோடு நடமாடுவது அவள் போட்ட ஓட்டையால்தான் என்று அவளே சொல்வாள். ஊசி இரண்டு தடவை அவள் விரலைத் தைத்திருக்கிறது. இரண்டு தடவையும் அவள் அழவில்லை. மெஷினை அதன் வம்சத்தோடு சேர்த்துத் திட்டினாள். மேஸ்திரி முதல் மின்விசிறி வரை அவள் வாயில் விழாத ஜீவன் அங்கே இல்லை. புதிதாகச் சேரும் பெண்கள் முதல் வாரம் அவளைக் கண்டு நடுங்குவார்கள். இரண்டாவது வாரம் வீட்டுக் கஷ்டத்தை அவளிடம்தான் போய்ச் சொல்லுவார்கள். அவள் திட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

அப்படிப்பட்ட வாய் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து மூடிக்கொண்டது. மூடியவர் வார்டன்.

"உன் வாய் சும்மா இருந்திருந்தா என் தம்பி இங்க வந்து படுத்திருப்பானா?" என்றார். அதுவும் எல்லோர் முன்னாலும். நர்ஸ் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

எந்த வாய்க்கும் பதில் வைத்திருக்கிற காஜாக்காவிடம் இதற்குப் பதில் இல்லை. ஏனென்றால் அது நடப்பதற்கு முந்தின நாள்தான் திட்டியிருந்தாள். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கத் தெரியுது, வீட்டுக் குழாயை ஒழுங்கா மூடத் தெரியலயே!" என்றாள். இருபத்தோரு வருஷத்தில் இதைவிட ஆயிரம் மடங்கு காரமாகச் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் அந்த வாக்கியம் அவள் தொண்டையிலேயே மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவரிடம் பேசியதெல்லாம் நர்ஸ் பேச்சு. "சாப்பிடுறீங்களா?" "படுத்துக்குறீங்களா?" "ஃபேன் போடவா?"

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது மனநல ஆலோசகர் இவர்கள் மூவரையும் உட்கார வைத்துப் பேசினாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண். "கூர்மையான சாமான், மாத்திரை எதுவும் கைக்கெட்டுற மாதிரி வைக்காதீங்க. அதோட, அந்த எண்ணம் இன்னும் வருதான்னு அவர்கிட்டயே நேரா கேளுங்க. கேட்டா புதுசா நினைப்பு வந்துடும்னு பயப்பட வேண்டாம். கேட்காம விட்டாத்தான் அவர் தனியா கிடந்து மல்லுக்கட்டணும்" என்றாள்.

வார்டன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டினார். வெளியே வந்ததும், "சின்னப் பொண்ணு, அனுபவம் இல்ல. முதல் பாதியைச் செய்வோம். அந்தப் பேச்சை மட்டும் வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது" என்றார். மருந்துச் சீட்டில் பாதியைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த கூட்டம் அது.

காஜாக்காவுக்கு அந்தப் பெண் சொன்னது சரி என்றே பட்டது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த மனுஷன் மறுபடியும் அந்தப் பக்கம் போகக் கூடாது. அதற்கு அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். தினமும் காலையில் கேட்டுவிடுவது என்று எழுந்திருப்பாள். வாயைத் திறந்தால், "ஃபேன் போடவா?" என்றுதான் வரும்.

முதல் பாதியை எப்படிச் செய்தார்கள் என்பதைக் கேட்டால் சிரிக்காமல் இருக்க முடியாது. கத்தி, கத்தரிக்கோல், மாத்திரை, அவருடைய தொழில் பெட்டி, நகவெட்டி என்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் பெரிய இரும்பு அலமாரிக்குள் திணித்தார்கள். திணித்துப் பூட்டினார்கள். அன்றாட மாத்திரையும் காய் நறுக்க ஒரு மொக்கைக் கத்தியும் மட்டும் வார்டனின் கைப்பையில் இருந்தன. சாவியை ஒரு கயிற்றில் கோர்த்துக் காஜாக்காவின் கழுத்தில் மாட்டினார் வார்டன். அதாவது, முப்பது வருஷமாகப் பூட்டுத் திறப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஆளிடமிருந்து சாமானை ஒளித்து வைக்க இந்த மேதாவிகளுக்குக் கிடைத்த வழி, ஒரு பூட்டு. மீனுக்குப் பயந்து நகையைக் குளத்தில் போட்ட மாதிரி.

மகள் சொல்லிப் பார்த்தாள். பத்தொன்பது வயது. செல்போன் கடையில் ஸ்கிரீன் கார்டு ஒட்டுகிறவள், வாய் அம்மாவுடையது. "அத்தை, இந்தப் பூட்டை அப்பா என் ஹேர்பின்னால திறந்துடுவாரு. கண்ணை மூடிக்கிட்டே திறப்பாரு."

"நீ வாயை மூடு. திறந்தா கதவு கத்துமில்ல?"

அது உண்மைதான். அந்த அலமாரிக் கதவின் கீல் துருப்பிடித்துப் போய், திறந்தால் கழுத்தை நெரித்த வாத்து மாதிரி கத்தும். "அதுதான் நம்ம காவல் நாய். யாரும் எண்ணெய் போட்டுடாதீங்க" என்று வார்டன் அதற்கும் சட்டம் போட்டார்.

வீட்டுக்குள் இந்தக் கூத்து என்றால், வெளியே வேறு கூத்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். ஆனால் மறைக்கிற மூன்று பேரும் ஒரே சோற்றில் மறைக்க வேண்டுமே. வார்டன் தெருவில், "தம்பி வழுக்கி விழுந்துட்டான்" என்றார். காஜாக்கா கம்பெனியில் குடலில் கோளாறு என்றாள். மகள் கடையில் மூச்சுத்திணறல் என்றாள். மாடிவீட்டுக்காரருக்கு மூன்றும் வந்து சேர்ந்தன. அவர் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்தவர். பொய் டிக்கெட்டை மோந்து பார்த்தே கண்டுபிடிக்கிற மூக்கு. படியில் எதிர்ப்பட்ட காஜாக்காவை நிறுத்தி, "ஏம்மா, குடல் கெட்டதால மூச்சுத் திணறி, அதனால வழுக்கி விழுந்தாரா? இல்ல, விழுந்ததால குடல் கெட்டுச்சா?" என்றார்.

காஜாக்கா சிரித்தாள். வேறென்ன செய்வாள்.

பார்க்க வந்த சொந்தபந்தங்களோ அதற்கும் மேலே. ஒரு கிலோ பழத்தை வைத்துவிட்டு ஒன்பது கிலோ அறிவுரையை இறக்கிவிட்டுப் போனார்கள். "உனக்கென்னப்பா குறைச்சல்?" என்று ஒருவர். "என்னைப் பாரு, எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு, நான் சந்தோஷமா இல்ல?" என்று இன்னொருவர். முட்டி போனவரின் சந்தோஷத்தைச் சாவிக்காரர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார்.

அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து முப்பத்துநாலாவது நாள் மத்தியானம் கம்பெனியில் கரண்ட் போய்விட்டதால் காஜாக்கா மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தாள். வெட்டுவதற்கு ஏதோ நூல் இருந்தது. கத்தரிக்கோல் எடுக்க அலமாரிக்குப் போனாள். கழுத்துச் சாவியைப் போட்டுத் திருப்பி, அந்தச் சத்தத்துக்காகக் காதை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கதவை இழுத்தாள்.

கதவு கத்தவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வந்தது.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. கீலைத் தொட்டாள். விரலில் பிசுபிசுவென்று எண்ணெய். தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டாள். கத்தி மூன்று. இருந்தது. கத்தரிக்கோல் இரண்டு. இருந்தது. மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எண்ணிக்கை தவறி இரண்டு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தாள். எல்லாம் இருந்தது. ஒன்றும் குறையவில்லை.

வார்டன் வந்து எட்டிப் பார்த்தார். எண்ணெய் விரலைப் பார்த்தார். "ஐயோ! திறந்துட்டானா? அவனைத் திரும்ப ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய் விடு! யாரும் அவன்கிட்ட ஒண்ணும் கேட்காதீங்க. நான் முட்டிக்காரருக்குப் போன் பண்றேன்" என்றார்.

முப்பத்துநாலு நாளாக மூடியிருந்த வாய் திறந்துகொண்டது. எந்த ஹேர்பின்னும் தேவைப்படவில்லை.

"போனைக் கீழ வைங்க அண்ணி! கேட்காதே, கேட்காதேன்னு சொல்லிச் சொல்லியே என்னை ஊமையாக்கி வச்சிருக்கீங்க. அட்டவணை போட்டு ஒட்டினீங்களே, நீங்க காவல் இருக்குற நேரத்துலதானே இது நடந்திருக்கு? அப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

வார்டன் தன் அட்டவணையைப் பார்த்தார். பகல் பன்னிரண்டு முதல் ஐந்து வரை, வார்டன். மத்தியானம் சாப்பிட்டதும் நாற்காலியிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்குவது அவருடைய விடுதிக் காலத்துப் பழக்கம். போனைக் கீழே வைத்தார்.

காஜாக்கா முன்னறைக்குப் போனாள். சாவிக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"என்னங்க. அலமாரியைத் திறந்தீங்களா?"

"திறந்தேன்."

"எதுக்கு?"

"வீட்டுக்கு வந்த மூணாம் நாளே திறந்துட்டேன். நகம் வெட்ட. நகவெட்டி கேட்டா மூணு பேரும் சிரிச்சீங்க. நானும் எத்தனை நாள் கடிக்கிறது?"

"கதவு கத்தலயா?"

"லேசா மேல தூக்கிப் பிடிச்சு இழுத்தா கத்தாது." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் தொழில் இருந்தது.

"அப்புறம் ஏன் எண்ணெய்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காஜாக்கா எதிரே உட்கார்ந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டாள். முகத்தில் சிரிப்பில்லாமல் கேட்டாள்.

"செத்துப் போகணும்னு இன்னும் தோணுதா?"

பின்னால் வார்டன் "ஐயையோ" என்றார். வீடு இடிந்து விழவில்லை. சாவிக்காரர் மூச்சை இழுத்து விட்டார், ரொம்ப நாளாகத் தூக்கி வைத்திருந்த மூட்டையை இறக்குகிறவர் மாதிரி.

"தினமும் இல்ல. போன வியாழக்கிழமை ரொம்ப மோசமா வந்துச்சு. அந்த நினைப்புலதான் போய்த் திறந்தேன். கிரீச்சுன்னு கத்துச்சு."

"தூக்கிப் பிடிச்சா கத்தாதுன்னீங்களே. அன்னைக்கு ஏன் தூக்கிப் பிடிக்கல?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வியை அவரே தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை போல.

"தெரியல. யாராவது வரட்டும்னுதானோ என்னவோ. யாரும் வரல. அக்கா தூங்கிட்டிருந்தா. மாடியிலேர்ந்து அந்த ஆள்தான் கத்தினாரு. 'யோவ் சாவிக்காரரே! ஊருக்கெல்லாம் பூட்டு ரிப்பேர் பண்றீங்க, அந்தக் கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போட மாட்டீங்களா? மனுஷன் தூங்க வேணாமா?'ன்னு."

"அதுக்கு?"

"நியாயந்தானே? எனக்கே வெட்கமாப் போச்சு. பெட்டியிலேர்ந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து, துருவைச் சுரண்டி, மூணு கீலுக்கும் போட்டு, துடைச்சு வச்சேன். அதுக்குள்ள அந்த நினைப்பு கொஞ்சம் தள்ளிப் போய் நின்னுச்சு. பூட்டிட்டு வந்து உட்கார்ந்துட்டேன்."

கிழட்டு செக்கரின் மத்தியானத் தூக்கம் கெட்டதால் ஒரு உயிர் நின்றிருக்கிறது. அன்பாகச் சிரித்துக்கொண்டு மூன்று பேர் செய்த காவலில் நிற்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"யார்கிட்ட? நீ எங்க இருந்த? வீட்டுல மூணு நர்ஸுங்கதான் இருந்தாங்க."

காஜாக்காவுக்கு அந்தக் குழாய் வாக்கியம் தொண்டையில் புரண்டது. "நான் திட்டினதாலதான்னு..."

"போடி. உன் திட்டுக்குச் சாகணும்னா கல்யாணமான மறுநாளே போயிருப்பேன்." பிறகு மெதுவாகச் சொன்னார், "ஏன்னு எனக்கே சரியாத் தெரியல. காலையில எழுந்தா நெஞ்சுமேல யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். வருஷக்கணக்கா. நீ திட்டும்போது மட்டும் ஏதோ வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து பார்த்தா அதுவும் இல்ல."

காஜாக்கா அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். துருப்பிடித்த கீலே, சொட்டுகிற குழாயே, வாயிருந்தும் பேசாத கல்லே என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் திட்டினாள். சாவிக்காரர் மழைக்கு ஒதுங்கினவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் ஒதுங்கின மாதிரி தெரியவில்லை, நனைகிற மாதிரிதான் தெரிந்தது.

அன்று மாலையே அந்த ஆலோசகர் பெண்ணிடம் போனார்கள். வியாழக்கிழமைக் கதை முழுவதையும் அவள் கேட்டாள். டாக்டர் மருந்தை மாற்றினார். வாரம் ஒருமுறை வரச் சொன்னார்கள். "பூட்டு இந்த வீட்டுக்கு உதவாதுன்னு தெரியுது. ஆபத்தான சாமான் வீட்டுக்குள்ளயே இருக்க வேண்டாம். நம்பிக்கையான ஆள்கிட்ட கொடுத்து வைங்க" என்றாள் அந்தப் பெண்.

நம்பிக்கையான ஆள் யார்? சொந்தபந்தத்தில் தேடினால் முட்டிக்காரர்தான் வருவார். காஜாக்கா ஒரு டப்பாவோடு மாடிப்படி ஏறினாள். செக்கர் கதவைத் திறந்ததும் ஒரே மூச்சில் சொன்னாள்: "அவரு வழுக்கி விழல. சாகப் பார்த்தாரு. இதுல அவரோட மாத்திரையெல்லாம் இருக்கு. தினமும் ஒரு வேளைக்கு உண்டானதை மட்டும் கொண்டுவந்து தர முடியுமா?"

செக்கர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "தெரியும்மா. மூணு வியாதி ஒரே நாள்ல எவனுக்கும் வராது. நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்." டப்பாவை வாங்கினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு யாரும் அவரை நம்பி எதையும் கொடுத்ததில்லை. மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்குப் பஸ்ஸில் ஏறுகிற மாதிரி விறைப்பாக உள்ளே வருவார். மாத்திரையைக் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்து, ஒரு நோட்டில் டிக் போட்டுக்கொண்டு போவார். டீ குடிக்கச் சொன்னால் டியூட்டியில் குடிக்க மாட்டாராம்.

அலமாரியிலிருந்த மற்ற சாமான்களைப் பெட்டியில் போட்டு வார்டன் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். போகிற அன்று அட்டவணையைச் சுவரிலிருந்து கிழித்துக் கொடுத்தாள் மகள். வார்டன் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்று, "நான் சொன்னது தப்பும்மா" என்றார், காஜாக்காவைப் பார்க்காமல், கதவு ஓட்டையைப் பார்த்து. விடுதி வார்டன் வாயிலிருந்து இதற்குமேல் எதிர்பார்ப்பது பேராசை.

காஜாக்கா இப்போது தினமும் கேட்கிறாள். காஜா மெஷினுக்குக் கிளம்புமுன், செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னைக்கு எப்படி?" என்பாள். "பரவால்ல" என்பார். சில நாள், "கொஞ்சம் கனமா இருக்கு" என்பார். கனமாக இருக்கிற நாளில் அவள் கம்பெனிக்குப் போகமாட்டாள். மேஸ்திரி கேட்டால் உண்மைக் காரணத்தையே சொல்லுவாள். குடலை இழுப்பதில்லை. மேஸ்திரி முதல் தடவை வாயடைத்துப் போனான். இரண்டாம் தடவை தன் தங்கையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாவிக்காரர் ஸ்க்ரூடிரைவரும் அரமும் துளைக்கிற கருவியும் கேட்டார். மகள் தன் கடையிலிருந்து மூன்றையும் இரவல் வாங்கி வந்தாள். காஜாக்கா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து, கலந்துகிடந்த ஸ்க்ரூக்களைப் பார்த்து, "ரெண்டு சைஸுன்னு சொன்னேனே" என்று மகளை முறைத்தார். குளியலறைத் தாழ்ப்பாளை மட்டும் எடுத்து அரைநாள் ராவினார், துளைத்தார். மாட்டி முடித்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளேயிருந்து போடலாம். ஆனால் வெளிப்பக்கம் ஒரு சின்னப் பள்ளம். அதில் காசை வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும்.

"அவசரம்னா மட்டும்" என்றார்.

"பெரிய கண்டுபிடிப்பு. குழாய் இன்னும் சொட்டுது" என்றாள் அவள்.

பிறகு அவர் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மூன்று மாதத்தில் முதல் தடவையாகத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் தண்ணீர் நின்றது.

காஜாக்கா முந்தானையில் முடிந்திருந்த காசை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே வந்து நின்றாள்.

"உள்ளதான் இருக்கேன். போடி."

"நான் ஒண்ணும் நிக்கல."

"கதவுக்கடியில ரெண்டு கால் தெரியுது."

"அது வேற யாரோட காலோ. நாள் பூரா குளிப்பீங்களா? சோப்பு என்ன சும்மாவா வருது? சீக்கிரம் வாங்க!"

உள்ளே சாவிக்காரர் இருமினார். சட்டப்படி இருமியதா, தொண்டை கரகரத்ததா என்று சொல்ல முடியாது. காஜாக்கா நகரவில்லை. காசு அவள் உள்ளங்கையில் சூடாகிக்கொண்டிருந்தது.